முதலில் மின்கட்டண ரசீதைக் காட்டுங்கள்

கிழக்கே பலிபீடம், மேற்கே கோபுரம். இங்கிலாந்தின் பழைய கிறிஸ்தவ ஆலயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கின்றன. அதனால் நீளமான கூரையின் ஒரு சரிவு தெற்கைப் பார்க்கிறது. சோலார் பேனல் பொருத்துகிறவனுக்கு இதைவிட வாகான கூரை வேறு எது? என்னை அழைக்கும் சேகர மன்றத்தார் முதலில் பெருமையாகச் சொல்வதும் இதைத்தான். (திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் சேகரம் என்னும் சபைப் பகுதியை இங்கே பாரிஷ் என்கிறார்கள்.) நானோ ஏணி கேட்பதற்கு முன் ஓராண்டு மின்கட்டண ரசீதுகளைக் கேட்பேன்.

ஒரு கிராமத்து ஆலயத்தில் பொருளாளர் அம்மையார் ரசீதுகளைப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். உட்கார்ந்து கூட்டினோம். ஆண்டுக்கு 1,500 யூனிட்தான். ஞாயிறு ஒரு மணி நேர ஆராதனை, எப்போதாவது ஒரு திருமணம், ஓர் அடக்க ஆராதனை, அவ்வளவே. அவர்கள் கேட்டதோ 10 கிலோவாட் பேனல். தென் இங்கிலாந்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 9,000 யூனிட் தரும்.

"மீதியை விற்றுவிடலாமே?" என்றார்.

விற்கலாம். ஆனால் தாராளமான பழைய மானிய விலைத் திட்டம் 2019 மார்ச்சோடு புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. 2020 முதல் நடப்பில் உள்ள ஏற்பாட்டில் மின் நிறுவனம் வைப்பதே விலை. நாம் வாங்கும் விலைக்கு அது பெரும்பாலும் எட்டாது.

"குளிருக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். எண்ணெய் பாய்லர் என்றார். ஆலயங்களின் எரிசக்திச் செலவில் பெரும்பங்கு சூடேற்றுவதற்கே போகிறது. கூரை நிறையப் பேனல் வைத்தாலும் எண்ணெய் பாய்லர் ஒரு சொட்டுக்கூடக் குறைத்துக் குடிக்காது. மின்சாரச் சூடேற்றிக்கு மாறினாலும் தேவை டிசம்பரில், வெயில் ஜூனில். டிசம்பரில் கிடைப்பது ஜூன் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்.

குளோஸ்டர் பேராலயத்தில் 2016இல் 150 பேனல்கள் ஏறின. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் 2023இல் 438 பேனல்கள். அவற்றைக் காட்டி "நம்மால் முடியாதா?" என்கிறார்கள். அங்கெல்லாம் தினமும் விளக்கெரிகிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது. வாரநாளில் மழலையர் பள்ளியோ, உணவு வங்கியோ, தேநீர்க் கடையோ நடக்கும் சேகர ஆலயம் என்றால் நானே பேனல் வையுங்கள் என்பேன்.

இனி கூரை. அந்த ஆலயத்தில் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் தாழ்ந்த சரிவில் ஈயத் தகடு வேய்ந்திருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் பேனல் தெரியவே தெரியாது. ஆனால் ஈயம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும். துளை போட்டு இறுக்கினால் கிழிந்துவிடும். குனிந்து பார்த்தேன். தகட்டில் ஒரு காலணியின் வடிவம் கீறப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு எழுத்து, 17 என்று தொடங்கும் ஆண்டு. மற்ற இரண்டு இலக்கங்கள் தேய்ந்திருந்தன. ஈயம் வேய்ந்த தொழிலாளி தன் காலைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். இத்தகைய தடங்கள் இந்நாட்டு ஆலயக் கூரைகளில் பலவுண்டு. இவற்றையும் கணக்கில் எடுக்காமல் வரைபடம் போடக் கூடாது.

அதைவிட முக்கியம், ஈயத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்பது. 1955 முதல் உள்ள சட்ட ஏற்பாட்டின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆலயத்தை ஆய்வு செய்த அறிக்கை இருக்கும். அதைப் படியுங்கள். பேனல் 25 ஆண்டு உழைக்கும். ஈயம் பத்தாண்டில் மாற்ற வேண்டியது என்றால் அத்தனையையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும், சாரமும் இரண்டு தடவை கட்ட வேண்டும். கிங்ஸ் கல்லூரியில் ஈயத்தைப் புதுப்பிக்கும்போதே பேனலையும் ஏற்றினார்கள். புத்திசாலித்தனம் என்றால் அதுதான். வௌவால் இருந்தால் சட்டம் அதற்குக் காவல். கணக்கெடுக்கும் கோடைப் பருவத்தைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று.

அனுமதி பற்றி வீண் பயம் வேண்டாம். இங்கிலாந்து திருச்சபையின் பொதுச் சங்கம் 2020இல் கரியமில உமிழ்வை 2030க்குள் நிகர பூஜ்யமாக்கத் தீர்மானித்தது. 2022 ஜூலை முதல் ஆலயப் பணி அனுமதி விதிகளிலும் அந்த நோக்கு சேர்ந்துவிட்டது. திருமண்டல (பல சேகரங்கள் சேர்ந்த பேராயரின் ஆட்சிப் பகுதி) ஆலோசனைக் குழுவை வரைபடத்துக்கு முன்பே அழையுங்கள். கட்டடத்தின் சிறப்புக்குக் கேடு உண்டா, உண்டென்றால் அதை மிஞ்சும் நன்மை என்ன என்று கேட்பார்கள். 1,500 யூனிட் ரசீதோடு அந்த இரண்டாம் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? உள்ளாட்சியின் திட்ட அனுமதி தனி, அதையும் கேட்டுவிடுங்கள். கிராமத்து ஒருமுனை இணைப்பில் 3.68 கிலோவாட்டுக்கு மேல் போனால் மின்வலை நிறுவனத்தின் சம்மதம் முன்கூட்டியே தேவை.

பணத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு, அனுமதிக்கு முன் முன்பணம் கட்டுவது. தொடங்கிய வேலைக்குப் பல அறக்கட்டளைகள் மானியம் தருவதில்லை. திருச்சபை 2022இல் நிகர பூஜ்ய இலக்குக்கென 19 கோடி பவுண்டு ஒதுக்கியது. திருமண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள். "ஒரு பேனல் உங்கள் காணிக்கை" என்று கேட்டால் மக்கள் மகிழ்ந்து தருகிறார்கள். வருமான வரி கட்டுகிறவர் படிவம் நிரப்பினால் ஒரு பவுண்டுக்கு அரசு 25 பென்ஸ் சேர்க்கும். 2024 பிப்ரவரி முதல் 2027 மார்ச் 31 வரை அறப்பணிக் கட்டடங்களில் பேனலுக்கும் மின்கலத்துக்கும் மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். இது தெரியாமல் ஒரு நிறுவனம் விலைப்பட்டியலில் 20 சதவீதம் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தவரும் அந்தப் பிஸ்கட் டப்பா அம்மையார்தான்.

அவர்கள் ஆலயத்தில் கடைசியில் பேனல் ஏறவில்லை. பக்கத்திலிருந்த சேகர மண்டபத்தின் சாதாரண ஓட்டுக் கூரையில் 6 கிலோவாட் போட்டோம். அங்கே வாரத்தில் ஐந்து நாள் குழந்தைகள் பள்ளி நடக்கிறது. ஆலயத்தில் எல்இடி விளக்கும் இருக்கைக்கடியில் சூடேற்றியும் வந்தன. சிலருக்கு வருத்தம், ஆலயக் கூரையிலேயே சாட்சியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஈயம் மாற்றும் காலம் வரட்டும், ஒரே விண்ணப்பமாகப் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். காலணி கீறிய தகட்டை அப்போது வெட்டி எடுத்து வெஸ்டிரியில் (போதகர் அங்கி மாற்றும் அறையில்) மாட்டுவதாகத் தீர்மானப் புத்தகத்தில் இப்போதே எழுதிவிட்டார்கள்.