விண்டேஜ் என்றால் புராதனம் அல்ல

மட்டக்களப்புக் கல்லடியில் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியில் 'புராதன மோட்டார் சைக்கிள் கண்காட்சி' என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் 'விண்டேஜ்' என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இந்த ஒரு வருடத்தில் இதே தொடரை நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டேன், போன மாதம் வானொலியிலும் கேட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

விண்டேஜ் என்ற சொல்லின் கதை சின்னது. லத்தீனில் 'விண்டேமியா' என்றால் திராட்சை அறுவடை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஒரு குறிப்பிட்ட ஆண்டு விளைச்சலில் வடித்த வைனைக் குறித்து, அப்புறம் நல்ல ஆண்டின் வைன் என்றாகி, 20ஆம் நூற்றாண்டில் வண்டிகளுக்கும் வந்தது. வெள்ளாமை செய்கிற நம் ஊர்களில் இதை விளக்கவே தேவையில்லை. அம்பாறைப் பக்கம் நெல் வாங்கப் போகிறவர் நாலு மணியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "காக்கா (அண்ணன்), இது எந்தப் போகத்து நெல்லு?" என்றுதான் கேட்பார். எப்போது விளைந்தது, விளைச்சல் நல்லதா என்ற இரண்டும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. விண்டேஜ் என்பதும் அதுதான்.

புராதனம் என்ற சொல்லில் இந்த இரண்டில் ஒன்றும் இல்லை. அம்பாறைப் பக்கத்துப் பௌத்தத் தூபியான தீகவாபி புராதனம், மண்ணுக்குள்ளிருந்து எடுத்த செங்கல் புராதனம். அதே சொல்லை இலக்கத்தகடும் எஞ்சின் இலக்கமும் உள்ள வண்டிக்குப் போட்டால், ஈராயிரம் வருடமும் நூறு வருடமும் ஒன்றாகிவிடும்.

மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது மருமகன் என்னைப் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் உள்ள தேசிய மோட்டார் சைக்கிள் நூதனசாலைக்குக் கூட்டிப் போனார். 1984இல் திறந்த இடம். (நூதனசாலை என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை, நூதனம் என்பதற்குப் புதுமை, விநோதம் என்ற பொருளெல்லாம் உண்டு. ஆனால் 'புராதன நூதனசாலை' என்று இரண்டையும் ஒட்டி ஒரே பலகையில் எழுதுகிறவர் தான் எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டாமா?) அங்கே பிரஃப் சுப்பீரியர் என்ற ஆங்கிலேய மோட்டார் சைக்கிளின் முன்னால் நெடுநேரம் நின்றேன். எஸ்எஸ்100 என்ற அதன் பெயர்பெற்ற வகை 1924இல் வந்தது, மணிக்கு நூறு மைல் ஓடும் என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் கியர் மாற்றும் பிடி காலடியில் இல்லை, பெற்றோல் தாங்கியின் பக்கத்தில் இருக்கிறது, கையை விட்டு மாற்ற வேண்டும். 2003இல் இந்த இடத்தில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான வண்டிகள் கருகின. அவற்றில் பலவற்றைத் திருத்தித் திரும்பவும் நிறுத்தினார்கள். புராதனச் சின்னத்தைப் பெரும்பாலும் இருந்தபடியே காக்கத்தான் பார்ப்பார்கள். விண்டேஜ் வண்டியின் மதிப்போ அது இன்றைக்கும் உதைத்தால் கிளம்புவதில் இருக்கிறது.

சரி, 'பழைய' போதாதா? அதே 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தை, பக்கத்தில் புதுப்பாலம் வந்தபிறகு, பழைய பாலம் என்றுதான் சொல்கிறோம், நன்றாகவே இருக்கிறது. வண்டிக்கு மட்டும் அது சரிவராது. 'பழைய மோட்டார் சைக்கிள்' என்றால் விற்பனைக்கு நிற்கிற, யாரோ பாவித்த வண்டி என்றுதான் எங்கள் காதில் விழும். 'தொல்லுந்துருளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். தனித்தமிழ் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் தொல் என்பது தொல்பொருளோடு போகிற சொல், புராதனத்தில் உள்ள அதே பிழை தமிழ் உடுப்பில் வருகிறது. வாசிக்கும்போது தொல்லை என்று வேறு தட்டுகிறது.

என் தெரிவு 'பழம்பெரும்'. பழம்பெரும் அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிறவர்), பழம்பெரும் பாடசாலை என்று தினமும் சொல்கிறோம். வயதும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன, அண்ணாவியார் இன்னும் ஆடக்கூடியவர் என்பதையும் அது மறுக்கவில்லை. ஆண்டை முன்னால் போட்டுவிட்டால் குறை தீர்ந்தது: '1928ஆம் ஆண்டுப் பழம்பெரும் மோட்டார் சைக்கிள்'. பிரிட்டனில் ஆர்வலர்கள் 1914 முடியச் செய்தவற்றை வெட்டரன் என்றும் 1915 முதல் 1930 வரையானவற்றை விண்டேஜ் என்றும் பிரிக்கிறார்கள். முன்னதை 'மூத்த' என்று வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துப் போடுவதுதான் இத்தனைக்கும் காரணம். சுவரொட்டியை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு நெல் வியாபாரியிடம் கேட்டிருந்தால்கூட, எந்த வருடத்து வண்டி என்றுதான் அவர் முதலில் விசாரித்திருப்பார்.