திஸ்கிக் காலத்து மின்னஞ்சல்களை மீட்பது எப்படி?

தொண்ணூறுகளின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் திஸ்கி போன்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்க முறைகளில் எழுதிய மின்னஞ்சல்கள் பலரிடம் பழைய வன்தட்டுகளிலும் குறுந்தட்டுகளிலும் கிடக்கின்றன. இன்று திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் பின்னம், மேலே கோடிட்ட ஏ, சென்ட் காசுக்குறி, கோடிட்ட யூ என நான்கு குறிகள் நிற்கும். கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைகளில் தவறான ஒன்றைப் பார்த்துப் படிக்கும் மென்பொருள் படிக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகள் அடங்கும். திஸ்கி முறை முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மேல்பாதியில் தமிழை வைத்தது. அதில் த 190, ம 193, இகரக் குறி 162, ழ் 250. மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் அதே எண்கள்தான் மேலே சொன்ன நான்கு குறிகள்.

எனவே முதல் வேலை, மூலக் கோப்பைத் தொடாமல் நகலெடுப்பது. மூலத்துக்கு ஷா-256 சரிபார்ப்பு எண் (கோப்பு சற்று மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்து எழுதி வைத்து, எழுதத் தடை போட்டுவிடுங்கள். உரைத் திருத்தியில் திறந்து ‘சேமி’ அழுத்துவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை திஸ்கியில் 128–159 பகுதியில் இருக்கின்றன. பல அட்டவணைகளில் அங்கே எழுத்துகளே கிடையாது. உரைத் திருத்தி தனக்குத் தெரியாத பைட்டைக் கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிட்டால் அந்த எழுத்து போனதுதான். இகரத்தின் இடமான 173, மேற்கத்திய அட்டவணையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. அதைச் சில மென்பொருள்கள் ஓசையில்லாமல் நீக்கிவிடும். திஸ்கி 1.7 பதிப்பில் இ-க்கு 254 என்ற இன்னொரு இடமும் கொடுத்தது இதனால்தான்.

அடுத்து, கடிதங்களைப் பிரித்தல். அஞ்சல் பெட்டியைச் சேமிக்கும் எம்பாக்ஸ் வடிவத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் ஒரே உரைக்கோப்பாக இருக்கும். ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் புதிய கடிதம் என்று பொருள். கடிதத்துக்குள்ளேயே ஒருவர் அந்தச் சொல்லால் வரியைத் தொடங்கியிருந்தால் கடிதம் இரண்டாக உடையும். அதனால் மேலே ஒரு வெற்று வரி, அந்த வரியின் இறுதியில் தேதி, இரண்டும் இருந்தால் மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள்.

பிரித்த பிறகு, ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்பும்போது சுற்றிய உறையை, அதாவது வழியில் சிதையாமல் போய்ச்சேரப் பைட்டுகளை ஆங்கிலக் குறிகளாக மாற்றியதை, அவிழ்க்க வேண்டும். கோட்டட் பிரிண்டபிள் முறையில் ஒவ்வொரு தமிழ் பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கமுமாக மாறியிருக்கும். பேஸ்64 முறையில் முழு உடலும் ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். தலைப்பு வரிகள் தனியே உறையிடப்பட்டிருக்கும், அவற்றை மறந்துவிட வேண்டாம்.

இனிதான் சிக்கல். கடிதத் தலைப்பு ‘இது மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம்’ என்று சொல்லும், அதை நம்ப முடியாது. திஸ்கியா, 1999இல் தமிழ்நாடு அரசு தரமாக்கிய டாப், டாம் முறைகளா, யூனிகோடா என்பதைக் கடிதம் கடிதமாகக் கண்டறிய வேண்டும். ஒரே கோப்பில் எல்லாமே கலந்திருக்கும். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையைக் கண்டறிவது எளிது: தமிழ் எழுத்தோ குறியோ ஒவ்வொன்றும் மூன்று பைட், முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175. மற்றவற்றுக்கு இலக்கணமே நல்ல கருவி. ஒவ்வொரு அட்டவணையாலும் மாற்றிப் பார்த்து, சொல்லின் முதலில் புள்ளி வைத்த மெய் எத்தனை முறை வருகிறது, உயிரெழுத்து சொல்லின் நடுவில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மொழிமுதல் மெய் வராது என்ற விதியைச் சரியான அட்டவணை ‘ப்ளீஸ்’ போன்ற சில சொற்களில் மட்டுமே மீறும். தவறானது வரிக்கு வரி மீறும்.

மாற்றும்போது வரிசையையும் கவனிக்க வேண்டும். திஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதுவது. ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என மூன்று பைட். யூனிகோட்டில் க முதலில், ஒகரக் குறி பின்னால். பைட்டுக்கு நேராக எழுத்தை மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். குறியாக்கம் மாற்றும் லினக்ஸின் ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும், இந்த மறுவரிசையையும் அதுவே செய்துவிடும். ஆனால் உறை அவிழ்த்த உடலை மட்டும் கொடுங்கள். முழு எம்பாக்ஸையும் கொடுத்தால் நடுவே இருக்கும் யூனிகோடு கடிதங்கள் சிதைந்துபோகும்.

மீட்கக் கடினமான வகை ஒன்றும் உண்டு. அக்கால அஞ்சல் வழங்கிகள் சில, பைட்டின் எட்டு பிட்டுகளில் எட்டாவதை வெட்டிவிட்டு அனுப்பின. மேல்பாதியில் இருக்கும் ஒவ்வொரு எண்ணிலும் 128 குறையும். 190 ஆன த 62 ஆகி ‘>’ குறியாகிவிடும். மின்னஞ்சலில் அது மேற்கோள் அடையாளம் என்பதால், தகரத்தில் தொடங்கும் வரி யாரோ முன்பு எழுதியதைப் போலத் தோன்றும். 138 ஆன ஸ் 10 ஆகி, வரி முறிவாகிவிடும். 128ஐத் திரும்பக் கூட்டலாம், ஆனால் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாகிவிடும். இங்கே மனிதர்தான் படித்துத் திருத்த வேண்டும். அதே கடிதத்தின் நகல் வேறொருவர் பெட்டியில் முழுதாக இருக்கிறதா என்று முதலில் தேடுவது மேல். தலைப்பிலுள்ள கடித அடையாள எண் எல்லா நகல்களிலும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், தேடவும் இரட்டிப்பை நீக்கவும் அதுவே போதும்.

சேமிக்கும்போது மூலக் கோப்பு, மாற்றிய யூடிஎஃப்-8 உரை, சரிபார்ப்பு எண்கள், எந்தக் கடிதத்துக்கு எந்த அட்டவணையின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்ற குறிப்பு, நான்கையும் ஒரே அடைவில் வையுங்கள். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். அட்டவணையில் பிழை பின்னால் தெரியவந்தால் அந்தக் கடிதங்களை மட்டும் மூலத்திலிருந்து மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.