ஓட்டல் சோறு போட்டு வெண்பன்றி வளர்ப்பவர்களுக்கு

பத்துத் தாய்ப்பன்றிக்குள் வைத்திருக்கும் குடும்பப் பண்ணைகளில் கம்பெனித் தீவனம் மூட்டை மூட்டையாக இறங்குவது அபூர்வம். காலையில் ஒரு நடை, இரவு கடை அடைத்த பிறகு ஒரு நடை, மொபட்டின் பின்னால் நீல டிரம் கட்டிக்கொண்டு ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபம் என்று சுற்றிவந்தால்தான் கொட்டிலில் வயிறு நிறையும். பன்றி வளர்ப்புச் செலவில் நூற்றுக்கு எழுபது ரூபாய் தீவனத்துக்கே போகிறது. அந்த இடத்தில் மிச்சம் பிடிக்காமல் சிறு பண்ணையாளர் பிழைக்க முடியாது. ஆகவே ஓட்டல் சோற்றை விட்டுவிடுங்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அடுப்பில் ஏறாத டிரம் கொட்டிலுக்குள் போகக் கூடாது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகத்தில் பெரிய பன்றி நோய்கள் சில இப்படித்தான் புறப்பட்டன. 2001இல் இங்கிலாந்தில் அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அழிக்க வைத்த கோமாரி, வேகவைக்காத உணவுக் கழிவு போட்ட ஒரு பன்றிப் பண்ணையில்தான் தொடங்கியதாகக் கண்டறியப்பட்டது. 2007இல் ஜார்ஜியா நாட்டின் போத்தி துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் சமையல் கழிவைப் பன்றிகள் தின்றதால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அங்கே நுழைந்தது என்பது பொதுவான கணிப்பு. 2018இல் அது சீனாவுக்குள் வந்தது, 2020இல் அசாம், அருணாசலப் பிரதேசம், 2022 ஜூலையில் வயநாடு. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் அதே வைரஸ்.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிடலாம். மனிதருக்கு வந்த எச்1என்1 வேறு. பன்றிகளுக்கு நெடுங்காலமாக வரும் பன்றிக் காய்ச்சல் வேறு. அதற்குத் தடுப்பூசி உண்டு, குட்டிக்கு இரண்டு மாதம் ஆனதும் போட்டு, பிறகு ஆண்டுக்கொரு முறை போட வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மூன்றாவது வகை. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நம் நாட்டில் அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. “ஊசி போட்டாச்சு சார்” என்பவர்கள் எந்தக் காய்ச்சலுக்குப் போட்டோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் உறைய வைத்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கிலும், உப்புப் போட்ட இறைச்சியில் மாதக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். சமைத்த பன்றிக் குழம்பைவிட ஆபத்தானது, சமைக்குமுன் வெட்டி எறிந்த தோல், கொழுப்பு, எலும்பு, இறைச்சி கழுவிய தண்ணீர். ஓட்டலில் இவையும் சாம்பார் சோறும் ஒரே டிரம்மில்தான் விழும். பன்றி இறைச்சி சமைக்கும் ஓட்டலிலும் கறிக்கடையிலும் கழிவு எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், பச்சை இறைச்சிக் கழிவைத் தனியே போடச் சொல்லி அதைத் தொடாமல் வாருங்கள்.

கொதி என்றால் எது

பலரும் கொதிக்க வைக்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் டிரம்மின் ஓரத்தில் நாலு குமிழி வந்ததும் விறகை இழுத்துவிடுகிறார்கள். ஓட்டல் கழிவு தண்ணீரைப் போல இளகிச் சுற்றாது. சோறும் இட்லியும் கூழாகி நிற்பதால் அடியில் தீய்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் கை பொறுக்கும் சூடுதான் இருக்கும். எலும்போடு ஒட்டிய கறித்துண்டின் உள்ளே இன்னும் குறைவு. இறைச்சித் துண்டின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்தால்தான் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் சாகும் என்பது கணக்கு. பண்ணையில் அந்தக் கணக்கை எட்ட, மொத்தமும் தளதளவென்று கொதித்த பிறகு அரை மணி நேரம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரத்தை அடுப்புப் பற்றவைத்த நேரத்திலிருந்து ஓட்டாதீர்கள். நடுவில் கொதி வந்த நேரத்திலிருந்து ஓட்டுங்கள்.

200 லிட்டர் இரும்பு டிரம்மில் 150 லிட்டருக்கு மேல் நிரப்பினால் கிளற இடம் இருக்காது. கொட்டுமுன் ஒரு சாக்கை விரித்து அதில் பரப்பிப் பொறுக்குங்கள்: பாலித்தீன் பை, சில்வர் தாள், டீ கப், ரப்பர் பேண்ட், பல்குத்தும் குச்சி. செத்த பன்றியின் வயிற்றைத் திறந்தால் உருண்டையாகத் திரண்ட பாலித்தீனும், குடலைத் துளைத்து நிற்கும் குச்சியும் கிடைப்பது அதிசயமில்லை. கோழிக் காலெலும்பு, பெரிய மீன் முள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் ரசம், சாம்பார்த் தண்ணீரை வடித்துவிடலாம். உப்பில் பெரும்பங்கு அதோடு போய்விடும், விறகும் மிச்சம். வடித்த தண்ணீர் பச்சைக் கழிவுதான் என்பதால் கொட்டில் வாய்க்காலில் ஊற்றாமல் தனிக் குழியில் ஊற்ற வேண்டும். அடி பிடிக்காமலிருக்க ஒரு குடம் நல்ல தண்ணீர் முதலில் ஊற்றிக்கொண்டு கழிவைக் கொட்டுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கழிவு கொண்டுவந்த அதே வாளியில் வெந்ததை மொண்டு தொட்டியில் ஊற்றினால் அரை மணி நேர விறகும் வீண். நோய் நுழையும் பண்ணைகளில் நாங்கள் முதலில் பார்ப்பது அடுப்பை இல்லை, வாளியைத்தான். வேகாத கழிவுக்குச் சிவப்பு வாளி, வெந்ததற்கு வேறு நிறம். கிளறுகிற கட்டை அடுப்பை விட்டுக் கொட்டில் பக்கம் வரக் கூடாது. டிரம் இறக்கும் இடம் வேலிக்கு வெளியே இருக்கட்டும். இறக்கிய ஆள் கைகால் கழுவி, செருப்பை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். காகமும் நாயும் வேகாத கழிவு டிரம்மில் வாய் வைத்து அங்கிருந்து கொட்டிலுக்குத் தூக்கிவராதபடி மூடி போடுங்கள்.

வெல்லம் கலந்து புளிக்க வைத்தால் போதும், ஈ.எம். என்னும் நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றினால் போதும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மணம் குறையும், பன்றியும் விரும்பித் தின்னும். ஆனால் நாம் புளிக்க வைக்கும் புளிப்பு இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. வேறு தொல்லையும் உண்டு. சித்திரை வெயிலில் நாலைந்து மணி நேரம் மூடிவைத்த கழிவு நுரைத்துப் பொங்கத் தொடங்கிவிடும். அதைத் தின்ற பன்றி வயிறு உப்பி, குடல் முறுக்கிக்கொண்டு காலையில் செத்துக் கிடக்கலாம். அன்று வந்ததை அன்றே வேகவைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் போட்டு, தொட்டியில் மீந்ததை அடுத்த வேளைக்கு முன் வழித்து எடுத்துவிடுங்கள்.

பூசணம் பிடித்த ரொட்டி, பன் விஷயத்தில் அடுப்பும் உதவாது. கொதியில் பூசணம் சாகும், அது விட்டுவைத்த நஞ்சு சாகாது. பெண்குட்டிகளின் யோனி வீங்கிச் சிவந்து பருவத்துக்கு வந்ததுபோல் தோன்றுவதும், சினைப்பன்றி கருவைக் கலைப்பதும் இதனால் நடக்கும். பேக்கரிக் கழிவில் பச்சையோ கறுப்போ தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் கிள்ளி எறிவது போதாது, மொத்தமும் குழிக்குத்தான்.

உப்பும் தண்ணீரும்

ஊறுகாய், அப்பளம், கருவாடு விழுந்த கழிவு வந்த மறுநாள், அல்லது மோட்டார் ஓடாமல் ஒரு நாள் தண்ணீர் நின்றபோது, சில பன்றிகள் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும். நாய்போல் பின்னங்காலில் உட்கார்ந்து மூக்கை மேலே தூக்கும், பின்னுக்கு நடக்கும், வலிப்பு வரும். வெறிநோய் என்று பயந்து விற்றுவிடுபவர்களும் உண்டு. உப்பு நஞ்சு இது. உடலில் உப்பு ஏறிய நேரத்தில் தண்ணீர் கிடைக்காமல் போனதுதான் காரணம். இதைக் கண்டதும் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அதைச் செய்தால் மூளைக்குள் நீர் பாய்ந்து வீங்கி, பிழைக்க இருந்ததும் செத்துவிடும். 50 கிலோ பன்றிக்கு மணிக்குக் கால் லிட்டர் வீதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.

ஈரச்சோறு போடுவதால் தனித் தண்ணீர் வேண்டாம் என்று நினைப்பது தவறு. பன்றி வாயால் அழுத்திக் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளை ஒரு நிமிடம் அழுத்தி வாளியில் பிடித்துப் பாருங்கள். வளரும் பன்றிக்கு ஒரு லிட்டர், பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டு லிட்டர் வர வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் நிப்பிள் அடைத்துக்கொள்வது வாடிக்கை.

வயிறு நிறைகிறது, எடை ஏறவில்லை

50 கிலோ பன்றிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 கிலோ உலர்ந்த சத்து வேண்டும். ஓட்டல் கழிவில் பத்துக்கு எட்டுப் பங்கு தண்ணீர். முழுவதும் கழிவிலேயே என்றால் 10 கிலோ தின்ன வேண்டும். அதன் வயிறு அவ்வளவு கொள்ளாது. தின்றாலும் பெரும்பாலும் சோற்று மாவுச்சத்து, புரதம் குறைவு. தொந்தி தொங்கும், தொடை சூம்பி நிற்கும், விற்கும் எடை வர இரண்டு மூன்று மாதம் கூடுதலாகும். அந்த மாதங்களின் விறகு, பெட்ரோல், கூலியைச் சேர்த்துப் பார்த்தால் இலவசச் சோறு இலவசமாக இருக்காது.

பாதிக்குப் பாதி கொடுத்தால் கணக்கு நேராகிறது. 5 கிலோ வெந்த கழிவு, அதோடு 1 கிலோ அடர்தீவனம். வீட்டிலேயே 100 கிலோ கலக்க மக்காச்சோளம் 35, கோதுமைத் தவிடு 28, சோயாப் புண்ணாக்கு 35, தாது உப்புக் கலவை 2 கிலோ. வழக்கமாகச் சேர்க்கும் சோற்று உப்பைச் சேர்க்கக் கூடாது, கழிவிலேயே போதுமான அளவு இருக்கிறது. இந்தக் கலவையில் புரதம் 23 சதவீதம் வரும். சோற்றோடு சேரும்போது மொத்தம் 17 சதவீதத்தை ஒட்டி நிற்கும், வளரும் பன்றிக்கு அது போதும். சோயா விலை ஏறினால் கடலைப் புண்ணாக்குக்கு மாறலாம். ஈரம் பட்ட புண்ணாக்காக இருந்தால் மறுபடி பூஞ்சை நஞ்சுதான்.

20 கிலோவுக்குக் கீழே உள்ள குட்டிக்கு ஓட்டல் சோறே வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கும் அதை நம்பாதீர்கள். அவளுக்கு வேண்டிய 5, 6 கிலோ உலர் தீவனத்தைக் கழிவுச் சோற்றில் ஈடுகட்டவே முடியாது. பால் வற்றும், குட்டி சோரும், சோர்ந்த குட்டி தாயின் உடலடியில் நசுங்கும். விற்பதற்கு முந்தைய ஒரு மாதம் மீன் கழிவையும் எண்ணெய்ப் பண்டங்களையும் நிறுத்திவிடுங்கள். கறியில் மீன் வாடை அடிப்பதும், கொழுப்பு இளகி மஞ்சளாக இருப்பதும் வியாபாரிக்கு விலை குறைக்கக் கிடைக்கும் சாக்கு.

ஒன்று செத்தால்

பன்றியின் இயல்பான உடல் வெப்பம் 39 டிகிரி அளவில். 41ஐத் தொட்டு, தீனி எடுக்காமல் ஒன்றின்மேல் ஒன்று படுத்து, காது நுனியும் அடிவயிறும் சிவந்து நீலம் பாய்ந்தால், இரண்டு நாளில் இரண்டு செத்தால், எந்தக் காய்ச்சல் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல மருத்துவராலும் முடியாது. மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை உறுதி செய்யப் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

அந்த முடிவு வருமுன் மீதியை விற்றுக் காசாக்கிவிடும் அவசரம்தான் நோயை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. விற்கவும் வேண்டாம், அறுத்துப் பங்கு போடவும் வேண்டாம், ஏரியில் எறியவும் வேண்டாம். கால்நடை மருத்துவமனைக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி சொல்ல வேண்டிய கடமை வளர்ப்பவருக்கு உண்டு. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளை அரசு அழிக்கும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிக்கும். அப்படி அழிக்கப்படுபவற்றுக்குத்தான் இழப்பீடு. முன்பே செத்ததற்கு இல்லை. ஒளித்துவைக்கும் ஒவ்வொரு நாளும் கையிலிருந்துதான் போகிறது.

பிறகு கொட்டிலைச் சாணி, மண், தீவனத் துணுக்கு ஏதுமின்றிச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அதன்பின் 2 சதவீதக் காஸ்டிக் சோடா தெளிக்க வேண்டும். அழுக்கின்மேல் தெளித்தால் மருந்து அழுக்கோடு நின்றுவிடும். கையுறை, கண்ணாடி போடாமல் அதைத் தொடாதீர்கள். கொட்டிலைக் காயப்போட்டு, துறை அனுமதித்த பின் முதலில் சில குட்டிகளை மட்டும் விட்டு ஆறு வாரம் பார்க்க வேண்டும். அந்த ஆறு வாரமும் அவற்றுக்கு மூட்டைத் தீவனம் மட்டும்தான். ஓட்டல் டிரம் வேலிக்கு வெளியேகூட இறங்கக் கூடாது.