மில் லாக்ஸ் ஏரியில் ஜூலை: பகலில் பாஸ், கருக்கலில் வால்-ஐ

அமெரிக்காவின் மினசோட்டாவில் கோடையில் மீன் பிடிக்கத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஏரி, எந்தத் தூண்டில், என்ன இரை என்றுதான். நான் முதலில் கேட்பது, அந்தத் தண்ணீருக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று. வால்-ஐ, ஸ்மால்மவுத் பாஸ் (சுருக்கமாக பாஸ்) என்ற இரண்டு மீன்களையும் ஒரே பயணத்தில் பிடிக்க ஆசைப்பட்டால் இந்த ஒரு கேள்வியிலேயே பாதித் திட்டம் முடிந்துவிடும், ஏனென்றால் ஒரே ஏரியில் இருந்தாலும் இரண்டும் இரை தேடிக் கிளம்பும் நேரம் வேறு.

வால்-ஐ மீனின் கண்ணைப் பக்கத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இருட்டில் படகோரம் வந்த மீன் மேல் டார்ச் அடித்தால், ராத்திரி ரோட்டில் ஹெட்லைட் பட்ட மாட்டுக் கண் மாதிரி பளிச்சென்று மின்னும். பகலில் அதே கண் மங்கலான கோலிக்குண்டு போல இருக்கும். விழித்திரையில் ஒளி உணரும் செல்களுக்குப் பின்னால் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த ஒளியில் செல்கள் பிடிக்காமல் விட்டதை அது திருப்பி அனுப்புகிறது, அதனால் அதே ஒளியைப் பிடிக்க அந்தச் செல்களுக்கு இன்னொரு முறை கிடைக்கிறது. மாட்டுக்கும் பூனைக்கும் கண் மின்னுவது இதே ஏற்பாட்டால்தான்.

இதனால் வால்-ஐக்கு என்ன லாபம் என்பது அதன் இரையைப் பார்த்தால்தான் புரியும். அது விரும்பித் தின்னும் யெல்லோ பெர்ச் பகல் வெளிச்சத்துக்கான கண் உள்ள மீன். பகல் முழுக்கக் கூட்டமாகத் திரியும், பொழுது சாயும்போது கூட்டம் கலைந்து அடியில் போய் ஒடுங்கும். அந்தக் கருக்கலில் பெர்ச்சுக்குக் கண் சரியாகத் தெரியாது, வால்-ஐக்கு நன்றாகவே தெரியும். வேட்டை நடப்பது அப்போதுதான். அதனால் என் கணக்கில் சூரியன் மறைவதற்கு முன்னும் பின்னுமாக உள்ள ஒன்றரை மணி நேரம்தான் வால்-ஐக்கான நேரம், மற்றதெல்லாம் உபரி. விடியற்காலையிலும் இப்படி ஒரு நேரம் உண்டு.

பாஸ் இதற்கு நேரெதிர். அது கண்ணை நம்பிப் பகலில் வேட்டையாடும் மீன், பாறை இடுக்குகளை விடாது. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், மே கடைசி, ஜூன் வாக்கில், ஆண் மீன் சரளைக்கல்லில் வாலால் குழி பறித்து முட்டைகளுக்குக் காவல் நிற்கும். அதைத் தூக்கிவிட்டால் சில நிமிடங்களில் மற்ற மீன்கள் வந்து முட்டையைத் தின்று தீர்த்துவிடும், ஆகவே அந்த நாட்களில் கூட்டின் மேல் தூண்டில் போடாமல் இருப்பதே சரி. ஜூலையில் காவல் வேலை முடிந்து, ஐந்தாறு மீட்டர் ஆழப் பாறைச் சரிவுகளில் நல்ல பசியோடு இருக்கும். பிடித்த பாஸின் வாயைத் திறந்தால், குட்டிச் சிங்கி இறால் போன்ற க்ரேஃபிஷின் மீசை தொண்டையில் இருந்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்தாலே அடுத்து என்ன நிறத்தில், எந்த ஆழத்தில் இரை போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சரி, மில் லாக்ஸுக்கு வருவோம். மினியாபோலிஸில் இருந்து வடக்கே 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்த ஏரி, வால்-ஐக்குப் பேர்போனது. பரப்பு 530 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆனால் அதிகபட்ச ஆழமே 13 மீட்டர்தான். 2005-இல் இங்கே ஸீப்ரா மஸல் என்ற சிறு சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சிப்பி நாளுக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டி அதிலுள்ள நுண்பாசியைத் தின்னும், அது கோடிக்கணக்கில் பெருகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே தெளிய ஆரம்பித்திருந்த தண்ணீர் இன்னும் தெளிந்தது, வெளிச்சம் ஆழமாக இறங்கியது, கருக்கலுக்குப் பழகிய வால்-ஐக்குத் தோதான இடமும் நேரமும் சுருங்கின. பாஸுக்கோ தெளிந்த தண்ணீர் கொண்டாட்டம். வால்-ஐ குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், 2016-இல் பிடித்த வால்-ஐயை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது என்று விதி வந்த அதே ஏரியில், அதே ஆண்டு பாஸ் மீனுக்கான தேசிய அளவிலான பெரிய போட்டி நடந்தது.

ஏரி ஆழமில்லாததால் இன்னொரு விளைவும் உண்டு. ஆழமான ஏரிகளில் கோடையில் சூடான லேசான தண்ணீர் மேலே மிதக்கும், குளிர்ந்த கனமான தண்ணீர் கீழே தங்கும், இரண்டும் கலக்காது. அடி அடுக்கில் பிராணவாயு மெல்லத் தீர்ந்துபோகும், அதனால் மீன் இந்த இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே நிற்கும், நாமும் அந்த ஆழத்தில் தேடினால் போதும். மில் லாக்ஸில் காற்று பலமாக அடித்தால் ஏரி அடிவரை கலங்கி அடுக்கு உடைந்துவிடும். ஆகவே இங்கே ஆழத்தைவிடக் காற்றைத்தான் பார்க்க வேண்டும். காற்று அலை எழுப்பினால் மேற்பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கும், உள்ளே இருட்டு கூடும், பட்டப்பகலிலும் வால்-ஐ கடிக்கும். கண்ணாடி போல ஏரி அமைதியாக இருக்கும் மதியத்தில் அதைத் தேடுவது வீண்.

என் நாள் திட்டம் இதுதான்: விடிந்ததும் வடபாதியில் உள்ள சேற்றுத் திட்டுகளின் ஓரம், தக்கைக்குக் கீழே அட்டைப்பூச்சி கோத்து வால்-ஐக்கு. வெயில் ஏறியதும் தென்பாதிப் பாறைகளுக்கு, பாஸுக்கு. சாயங்காலம் காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அங்கே. ஒன்று சொல்ல வேண்டும், ஜூன் கடைசியை ஒட்டி மேஃப்ளை என்ற பூச்சியின் புழுக்கள் சேற்றில் இருந்து கூட்டமாக மேலெழும். வால்-ஐ அதைத் தின்றே வயிறு நிரப்பிக்கொள்ளும், அந்தச் சில நாட்களில் தூண்டிலைச் சீந்தாது. தேதி உங்கள் கையில் இருந்தால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கிளம்பும் முன் மாநில இயற்கை வளத் துறையின் அந்த ஆண்டு விதிகளைக் கட்டாயம் பாருங்கள், சீசன் நடுவிலேயே மாறும், இரவில் பிடிக்கத் தடை போட்ட ஆண்டுகளும் உண்டு. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால், பிடித்துத் திரும்ப விட்ட வால்-ஐயும் செத்துப்போகும் வாய்ப்பு ஏறுகிறது. அப்படிச் சாகும் மீனையும் அந்த ஆண்டு பிடிக்க அனுமதித்த அளவின் கணக்கில் சேர்ப்பதால்தான் 2017 ஜூலையில் அங்கே வால்-ஐ பிடிப்பதையே நிறுத்தினார்கள். தூண்டில் முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருந்தால் நோண்டாமல் தூண்டில் நரம்பை வாயோரம் வெட்டிவிட்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து விடுங்கள். நான் படகில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். அது 25-ஐக் காட்டினால் அன்றைக்கு வால்-ஐ பக்கமே போவதில்லை, பொழுது சாயும்வரை பாறையோரம் பாஸ்தான்.