தைராய்டு மாத்திரையும் விடியற்காலைக் கட்டன் சாயாவும்

மூணாறு, தேவிகுளம் பக்கத் தோட்டங்களில் மார்கழிப் பனிக்கு எல்லோருமேதான் நடுங்குவார்கள். அதனால் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒருவர் மட்டும் பகலெல்லாம் கம்பளியோடு அடுப்பைவிட்டு நகராமல் இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. கூடவே குரல் கரகரத்து, பேச்சு இழுக்கிறதா, முகம் உப்பியிருக்கிறதா, புருவத்தின் வெளிக்கோடி உதிர்ந்திருக்கிறதா, மலச்சிக்கலும் மாதவிடாயில் அதிகப் போக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். காலில் வீக்கம் இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழாது. இவை சேர்ந்து வந்தால் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். இரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டை முடுக்கிவிடும் ஹார்மோன், சுரப்பி மந்தமானால் இது ஏறும்), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்க்க வேண்டும்.

டி.எஸ்.எச். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்கும். 10-ஐத் தாண்டி, டி4-உம் குறைந்திருந்தால் மாத்திரை தேவை. 50, 100 என்று வந்தால் சுரப்பி பெரும்பாலும் வேலை செய்யவில்லை என்று பொருள். நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அழிப்பதுதான் வழக்கமான காரணம். அயோடின் உப்பை அள்ளிப் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது.

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸினின் முழு அளவு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம்; 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 100. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி, 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறைதான் கூட்டுவோம். மந்தமாகக் கிடந்த இதயத்துக்குத் திடீரென வேலை கூடினால் நெஞ்சுவலி வந்துவிடும்.

"எவ்வளவு கூட்டியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை" என்பவரிடம் அளவை விசாரிப்பதற்கு முன் காலைப் பழக்கத்தைத்தான் விசாரிக்க வேண்டும். கொழுந்தெடுக்கப் போகும் அவசரத்தில் தைராய்டு மாத்திரை, இரத்தசோகைக்கான இரும்புச்சத்து, கால்சியம் மூன்றையும் உள்ளங்கையில் வைத்து, ஒரே மடக்கு சாயாவில் விழுங்கிவிடுகிறார்கள். இரும்பும் கால்சியமும் தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும். மருந்து குடலோடு போய்விடும். வெறும் வயிற்றில், தண்ணீரில் தைராய்டு மாத்திரை. சாயா, காபி, பால் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்துக்கு 4 மணி நேர இடைவெளி. காலையில் முடியாதவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம். தினமும் ஒரே நேரம் என்பது முக்கியம்.

அளவு மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்தே பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். இரண்டு வாரத்தில் பார்ப்பது காசுக்குக் கேடு. முடி உதிர்கிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில கருவிகளில் அது முடிவையே புரட்டிவிடும். கர்ப்பம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டிவரலாம்.

சீட்டு இங்கே, மருந்து வாங்குவது மலையிறங்கி போடியில் என்றால் பாட்டிலில் உள்ள எண்ணைச் சரிபாருங்கள். 12.5-உம் 125-உம் ஒன்றல்ல. கம்பெனி மாறினால் அடுத்த டி.எஸ்.எச்.-ஐத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். ஒருநாள் மறந்தால் பாதகமில்லை. ஆனால் நிறுத்திய முதல் வாரங்களில் ஒன்றும் தெரியாது என்பதால், "மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்" என்ற தைரியம் வந்துவிடுகிறது. கடுமையான குறைபாடு உள்ளவர் இப்படி விட்டு, மேலே குளிரோ நிமோனியாவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மிக்ஸிடீமா கோமா என்ற உயிராபத்து நிலை வரலாம்: ஓயாத மயக்கத் தூக்கம், குழம்பிய பேச்சு, உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், நாடியும் மூச்சும் மெதுவாகும்.

அப்போது வாயில் சாயாவோ மாத்திரையோ ஊற்றித் திணிக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகும். சுடுதண்ணீர் பாட்டில் வைத்துச் சூடேற்றவும் கூடாது. தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் சரிந்துவிடும். கம்பளி மட்டும் போர்த்தி, ஐ.சி.யூ. உள்ள மருத்துவமனைக்கு ஜீப்பை விடுங்கள். தைராக்ஸினுக்கு முன்பாக அங்கே, அட்ரினல் சுரப்பி தரும் ஹார்மோனான ஹைட்ரோகார்டிசோனை ஊசியாகப் போடுவார்கள். அட்ரினல் சுரப்பியும் சோர்ந்திருந்தால் தைராக்ஸின் மட்டும் கொடுப்பது ஆபத்து. "இவருக்குத் தைராய்டு, மாத்திரையை நிறுத்தி இத்தனை நாளாச்சு" என்பதை அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் சொல்லுங்கள்.