‘பூட்லெக்’ எல்லாம் திருட்டுப் பதிவு அன்று

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றிய தமிழாக்கக் கட்டுரை ஒன்றை அண்மையில் படித்தேன். ‘1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் எடுக்கப்பட்ட திருட்டுப் பதிவு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது’ என்றொரு வாக்கியம் அதில் இருந்தது. திருடிய பொருளுக்கு ஒரு நாட்டின் தலைமை நூலகம் அப்படியொரு மதிப்பைத் தருமா என்ற ஐயம் மொழிபெயர்த்தவருக்கும் எழவில்லை. மெய்ப்புப் பார்த்தவருக்கும் எழவில்லை. ‘பூட்லெக்’ என்று கண்டவுடன் ‘திருட்டுப் பதிவு’ என்று எழுதிவிடும் பழக்கத்தைத் துணைத்தலைப்புகளிலும் இசைக் கட்டுரைகளிலும் பலமுறை பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பு எளிது. ‘பூட்’ என்பது முழங்கால்வரை உயர்ந்த காலணி. ‘லெக்’ என்பது அதில் காலை மூடும் பகுதி. அந்த இடைவெளியில் மதுப்புட்டியைச் செருகிக் கொண்டுபோய் விற்றவர்களால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் இச்சொல் பரவியது. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்த காலத்தில் வேரூன்றியது. நம் ‘கள்ளச்சாராயம்’ இதற்கு அச்சாகப் பொருந்தும். 1969இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் வெளிவராத பாடல்களைத் திரட்டி, பெயரில்லாத வெள்ளை உறையில் சிலர் இசைத்தட்டாக விற்றபோது இச்சொல் இசைக்கும் வந்து சேர்ந்தது. அந்தத் தட்டைக் ‘கள்ள வெளியீடு’ என்று சொன்னால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. உரிமை இல்லாதவர் மறைவாக அச்சிட்டுக் காசுக்கு விற்றார். சொல்லும் பொருளும் ஒத்துப்போகின்றன.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. கிரேட்ஃபுல் டெட் போன்ற, மேடையிலேயே இசையை விரித்து வாசிக்கும் ‘ஜாம்’ குழுக்களின் கச்சேரிகளை ரசிகர்களே ஒலிப்பதிவு செய்து பகிர்ந்துகொண்ட பெரிய மரபு ஒன்று உண்டு. பேச்சுவழக்கில் அந்த ரசிகர்களும் அவற்றை ‘பூட்லெக்’ என்று சொல்வது உண்டு என்றாலும், ஆய்ந்து பேசும்போது அவர்கள் அச்சொல்லைத் தவிர்த்துவிடுவார்கள். அவர்களுக்கு அது விற்பனைக்காரனின் பெயர். தாங்கள் செய்வது ‘டேப்பிங்’ (நாடாவில் பதிதல்), தாங்கள் ‘டேப்பர்கள்’. மூலமொழியில் இருக்கும் இந்த வேறுபாட்டை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லால் அழித்துவிடுகிறார்கள்.

திருட்டு என்றால் உரியவர் அறியாமலோ விரும்பாமலோ எடுப்பது. இங்கே உரியவர் என்ன செய்தார்? 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரியில், பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்று தனி இடத்தையே இக்குழு ஒதுக்கியது. அதற்குத் தனி நுழைவுச்சீட்டும் வந்தது. ஒலிக்கலவை மேசைக்கு முன்னால் மைக் தண்டுகள் காடுபோல் எழுந்து, ஒலிப்பொறியாளருக்கு மேடையை மறைத்ததுதான் இந்த ஏற்பாட்டுக்கு உடனடிக் காரணம். தீர்வு தடை அன்று. ‘மேசைக்குப் பின்னால் போய் நில்லுங்கள்’ என்பதே. ஆள் உயரத்துக்கு மேல் தண்டை நிறுத்தி, உச்சியில் இரண்டு மைக்குகளைக் கட்டி, ஆயிரக்கணக்கானோர் பார்க்கப் பதிவு செய்பவரைத் திருடர் என்று எந்த வாயால் சொல்வது?

‘களவு’ என்பதற்குத் தொல்காப்பியத்தில் மறைவொழுக்கம் என்றுதான் பொருள், எனவே ‘களவுப் பதிவு’ என்றால் இழிவு வராது என்று தமிழறிந்த நண்பர் ஒருவர் வாதிட்டார். அவர் காட்டிய இலக்கணம் சரி. ஆனால் இன்று அச்சொல்லைப் படிப்பவர் மனத்தில் குறிஞ்சித்திணை தோன்றாது, காவல் நிலையம்தான் தோன்றும். அதைவிட, மேலே சொன்னபடி இதில் மறைவே இல்லை. தொடக்க ஆண்டுகளில் கருவியைக் கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோனவர்கள் உண்டு என்பது மெய்தான். ஒரு மரபின் இளமைக்கால வழக்கத்தை அதன் நிரந்தரப் பெயராக்குவது நியாயமன்று.

பணத்தின் பக்கம் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். கேசட் காலத்தில், ஒரு கச்சேரி வேண்டுமென்றால் வெற்று கேசட்டுகளையும் திருப்பி அனுப்புவதற்கான தபால்தலைகளையும் உறையிலிட்டு, அது வைத்திருப்பவருக்கு அனுப்ப வேண்டும். அவர் படியெடுத்து, கச்சேரியின் நாள், இடம், பாடல் வரிசை எல்லாவற்றையும் அட்டையில் கையால் எழுதித் திருப்பி அனுப்புவார். விற்பதற்கு இல்லை என்பதே இதன் முதல் விதி. விற்றவரை ரசிகர்களே ஒதுக்கிவைத்தார்கள். ‘திருட்டு விசிடி’யோடு பழகிய நம் காதுக்கு, அனுமதி முத்திரை இல்லாத எல்லாமே ஒன்றாகப்படுகிறது. வெளிவந்த தட்டை நகலெடுத்து விற்பது திருட்டு நகல்; அசல்போல் உறை செய்து ஏமாற்றுவது போலி; வெளிவராததை மறைவாக விற்பது கள்ள வெளியீடு. ரசிகர்கள் செய்தது இந்த மூன்றில் எதிலும் அடங்காது. 1991 முதல் டிலனின் இசைத்தட்டுகளை வெளியிடும் நிறுவனமே ‘பூட்லெக் தொடர்’ என்ற தலைப்பில் அவருடைய பழைய பதிவுகளை வெளியிட்டுவருகிறது; அதைத் ‘திருட்டுத் தொடர்’ என்று மொழிபெயர்க்க எவரும் துணிய மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அப்படியானால் டேப்பரின் பதிவுக்குத் தமிழில் என்ன பெயர்? ‘நேரலைப் பதிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். நேரலை என்பது நடக்கும்போதே ஒளிபரப்பாவது. நாற்பதாண்டுப் பழைய நாடாவுக்கு அது பொருந்தாது. ‘சுவைஞர் பதிவு’ என்பது தூய்மை விரும்புவோர் முன்வைப்பது. எனக்கும் தூய்மை மேல் பற்று உண்டு. ஆயினும் தெளிவா தூய்மையா என்று வந்தால் தெளிவின் பக்கம்தான் நிற்பேன். ‘ரசிகர்’ என்ற சொல்லைத் தமிழ் தனதாக்கி நெடுங்காலம் ஆகிவிட்டது. ‘பதிவு’ என்று மட்டும் சொன்னால் இன்று இணையத்தில் எழுதும் குறிப்பையும் பத்திரப் பதிவையும் அது குறிக்கும் என்பதால், ‘ரசிகர் ஒலிப்பதிவு’ என்று முழுமையாக எழுதுவதே என் பரிந்துரை. நம் சபாக் கச்சேரிகளை ஸ்பூல் நாடாவில் பிடித்துவைத்த ரசிகர்களின் சேகரிப்புக்கும் இப்பெயர் அப்படியே பொருந்தும். அவர்களை நாம் ஒருநாளும் திருடர் என்று அழைத்ததில்லையே.

இதற்கு இணையாக வரும் ‘சவுண்ட்போர்டு’ என்பதை ‘ஒலிப்பலகை’ என்று பெயர்த்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். வீணைக் குடத்தை மூடியிருக்கிறதே, அதுதான் ஒலிப்பலகை. இங்கே பேசப்படுவது மேடை மைக்குகள் வந்து சேரும் மிக்ஸர், அதாவது மேலே சொன்ன ஒலிக்கலவை மேசை. அதிலிருந்து கம்பி வழியாக நேரே எடுத்ததை ‘மிக்ஸர் ஒலிப்பதிவு’ என்றால் மேடை அமைப்பவர் எவருக்கும் புரியும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே தெரியும். மிக்ஸர் பதிவில் குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவின் கிதார் தந்தி விரலில் படுவதுவரை கேட்கும், ஆனால் அரங்கமே காலியாக இருப்பதுபோல் இருக்கும்; ரசிகர் பதிவில் அதே கிதார் சற்றுத் தள்ளி ஒலிக்கும், பக்கத்தில் ஒருவர் கை தட்டுவதும், பாட்டு எதுவென்று பிடிபட்ட கணத்தில் கூட்டம் ஆர்ப்பரிப்பதும் சேர்ந்து வரும்.

இது வெறும் காது நுணுக்கம் அன்று. காப்பகத்தின் விதியே இதன்மேல் நிற்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் கச்சேரிப் பதிவுகளுக்கான தனிப் பிரிவு 2002இல் தொடங்கியது. 2005 நவம்பரில் கிரேட்ஃபுல் டெட் தரப்பு தன் பதிவுகளின் பதிவிறக்கத்தை நிறுத்தச் சொன்னது. ரசிகர்கள் கொதித்தெழுந்த பின் ரசிகர் ஒலிப்பதிவுகளைப் பதிவிறக்கலாம், மிக்ஸர் ஒலிப்பதிவுகளை அங்கேயே கேட்க மட்டும் செய்யலாம் என்று முடிவானது. இரண்டையும் ‘திருட்டுப் பதிவு’ என்று எழுதிய மொழிபெயர்ப்பில் இந்த முடிவை விளக்கவே இயலாது. அங்கே ஒவ்வொரு பதிவோடும் எந்த மைக், எந்தக் கருவி, எந்த நாடாவிலிருந்து எது படியெடுக்கப்பட்டது என்ற வழிக்குறிப்பு இருக்கும். மூலச்சுவடி எது, படி எது என்று குறித்துவைக்கும் பதிப்பாசிரியரின் அக்கறைதான் அதில் இருக்கிறது. மனோதர்மமே உயிரான இசையில் ஒரே பாட்டு ஒவ்வோர் இரவும் வேறாகிவிடுவதால், ஒரு நாடா அழிந்தால் அந்த இரவே அழிந்ததாக அவர்கள் கருதுகிறார்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கார்னெல் பதிவுக்கு வருகிறேன். அது ரசிகர் எடுத்ததுகூட அன்று. குழுவின் சொந்த ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்தது. அவருடைய நாடாச்சுருள்கள் இருந்த வாடகைக் கிடங்குப் பெட்டகத்துக்குப் பணம் கட்டப்படாததால் 1986இல் அவை ஏலம் போயின. வாங்கியவர்களின் கையிலிருந்து டேப்பர்கள் படியெடுத்து உலகெங்கும் பரப்பினார்கள். 2017இல் அதிகாரபூர்வமாகவே வெளிவந்தது. ஆகவே அந்த வாக்கியத்தை இப்படி எழுதியிருக்க வேண்டும்: ‘1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் குழுவின் ஒலிப்பதிவாளர் எடுத்து, ரசிகர்கள் படியெடுத்துப் பரப்பிய மிக்ஸர் ஒலிப்பதிவு, காங்கிரஸ் நூலகத்தின் 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது.’