டெர்மிடோமைசிஸ்: நம்ம புற்றுக்காளான்தான்

மழை விட்டதும் தோப்பில் கறையான் புற்றை ஒட்டி முளைக்கிற அந்த வெள்ளைக் காளானுக்கு அறிவியல் வைத்த பேர் டெர்மிடோமைசிஸ். 1942-இல் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சுப் பூஞ்சையியலாளர் இந்தப் பேரினத்துக்குச் சூட்டியது. டெர்மெஸ் என்றால் அறிவியல் லத்தீனில் கறையான், மைகெஸ் என்றால் கிரேக்கத்தில் காளான், இரண்டையும் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான்.

தமிழில் இதற்குப் புதுச்சொல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஊரில் சொல்லும் புற்றுக்காளான், பேச்சில் புத்துக்காளான், அதுவே சரியான சொல். சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு வறுமையைச் சொல்லும் நத்தத்தனார், கறையான் அரித்துக் குவித்த புழுதியில் பூத்த காளானை 'கணச்சிதல் அரித்த பூழி பூத்த புழற்காளாம்பி' என்கிறார். சிதல் என்றால் கறையான், காளாம்பி என்றால் காளான். அது இதே இனம்தானா என்பது வேறு பேச்சு, ஆனால் கறையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்த கண் நம்மிடம் அப்போதே இருந்திருக்கிறது, எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ஒரு குழப்பம் மட்டும் உண்டு. மேலே மேடாகத் தெரிந்தால்தான் புற்று என்று நினைக்கிறோம், ஆனால் பல கறையான்களின் கூடு மண்ணுக்குள்ளேயே இருக்கும், அதனால் வெறும் தரையில் முளைத்தாலும் அது புற்றுக்காளானாக இருக்கலாம். உள்ளே கறையான்கள் மரத்தூளையும் சருகையும் தின்று, கழிவால் அடை மாதிரி ஒன்று கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்க்கின்றன. மரத்தின் கடினமான பகுதியைப் பூஞ்சை செரித்துக் கொடுக்கிறது, கறையான் அதை உண்கிறது. மழைக்காலத்தில் அந்த அடையில் இருந்துதான் காளான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது.

அடையாளமும் அங்கேதான் இருக்கிறது. வெடுக்கென்று பிடுங்காமல் குச்சியால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள், தண்டு வேர் மாதிரி மெலிந்து நீளமாகக் கீழே போகும். குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். அப்புறம் குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடி ஒரு ராத்திரி விட்டால் இளஞ்சிவப்புத் தூள் படியும். பச்சை நிறத்தில் படிந்தால் அது குளோரோஃபில்லம் மொலிப்டைட்ஸ் என்ற நச்சுக்காளானாக இருக்கலாம், தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். தண்டின் அடியில் கிண்ணம் போல் உறை இருந்தால் அமானிட்டா என்ற காளான் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம், அந்தக் கூட்டத்தில் ஈரலைக் கெடுத்து ஆளையே கொல்லும் இனங்கள் இருக்கின்றன. பாதியில் ஒடித்துப் பறித்தால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும், நமக்குத் தெரியாமலே போகும்.

இளஞ்சிவப்புத் தூள் மட்டும் போதாது, என்டோலோமா என்ற கூட்டத்துக்கும் அதே நிறம்தான், அதிலும் நஞ்சுள்ளவை உண்டு. வேர், முனை, தூள் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, பழகியவர் ஒருவரும் பார்த்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.